கடைத்தெருவில் நடந்துபோன பெட்டி

என் தொழிலில் போன் பண்ணுகிறவர்கள் யாரும் வணக்கம் சொல்வதில்லை. “பெட்டி இருக்குதா?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். என்ன பெட்டி என்று நானும் கேட்பதில்லை. விழுப்புரத்தில் பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடும் கடை எங்களுடையது. என் வீட்டுக்காரர் இருந்தவரை கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சாமான் போய்க்கொண்டிருந்தது. அவருக்குப் பிறகு, இறந்தவர்களைக் கிடத்தி வைக்கும் ஃப்ரீசர் பெட்டியை நான்தான் வாங்கிப் போட்டேன். சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். இப்போது அதே சொந்தக்காரர்கள் வீட்டில் ஏதாவது என்றால் முதல் போன் எனக்குத்தான் வருகிறது. காரியம் முடிந்ததும் என் நம்பரை அழித்துவிடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கெல்லாம் கோபப்பட எனக்கு நேரம் இல்லை. என் கோபத்தில் பாதி சாலைத் தடுப்புகளிலேயே தீர்ந்துவிடுகிறது.

பண்டிகைக் காலம் வந்தால் எங்கள் ஊர்க் கடைவீதிக்குள் மதியத்துக்கு மேல் கடை அடைக்கும்வரை வண்டி விடமாட்டார்கள். ஜனங்கள் நிம்மதியாக நடந்து துணிமணி வாங்கட்டும் என்று ஏற்பாடு. உண்மையைச் சொன்னால் நல்ல ஏற்பாடுதான். பிள்ளைகள் ஹாரன் சத்தம் இல்லாமல் நடுரோட்டில் பலூனோடு ஓடுவதை நானே நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் கடைவீதிக்குள் வீடுகளும் இருக்கின்றன, வீடுகளில் மனிதர்கள் இருக்கிறார்கள், மனிதர்கள் சாகிறார்கள். அதற்கு நேரங்காலம் கிடையாது.

அதனால் விலக்குப் பாஸ் வேண்டும் என்று விழுப்புரம் டிராஃபிக் போலீஸ் ஆபீசில் மனுவோடு போய் நின்றேன். அங்கே இருந்தவர் பட்டியலைப் படித்தார். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, பால் வண்டி, பேங்க் வண்டி. “உங்க வண்டி இதுல எதும்மா?” என்றார்.

“அவசர வண்டிங்க.”

“செத்தவங்களுக்கு இன்னாம்மா அவசரம்?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பாஸ் முக்கியம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பல தடவை நடந்த பிறகு ‘இதர வாகனங்கள்’ என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அதை எங்கள் குட்டியானை லோடு வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிவைத்தேன். சாவு வீட்டுக்கு வழிவிடச் சொல்லி ஒரு காகிதம் கிடைத்ததில் எனக்கு அவ்வளவு பெருமை.

போன தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது திண்டிவனத்திலிருந்து போன். ஒரு பெண். குரலை அமுக்கி அமுக்கிப் பேசினாள்.

“அக்கா, பெட்டி இருக்குதா?”

“இருக்குது. எங்கம்மா வரணும்?”

கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையின் பெயரைச் சொன்னாள். கடைக்குப் பின்னாலேயே வீடாம். இறந்துபோனது அவளுடைய மாமியார். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வாங்கியவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார், டாக்டர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்றாள். “எங்க நாத்தனாரு வெளிநாட்டுல இருக்காங்கக்கா. சீரியஸ்னு மட்டும்தான் சொல்லியிருக்கோம். விடியக்காலம் வந்துடுவாங்க. அவங்க வந்து மொகம் பாக்கணும். ஜல்தியா வாங்கக்கா, இங்க வெக்க தாங்கல.”

ஐப்பசி என்றுதான் பெயர். மழை ஏமாற்றிவிட்ட வருஷம். வெயில் சித்திரைபோல் அடித்துக்கொண்டிருந்தது. மூடிய வீட்டுக்குள் ஓர் உடல் இந்த வெக்கையில் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது என் தொழிலில் இருக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். முதலில் கெடுவது முகம்தான். மகள் கடல் தாண்டி வருவது அந்த முகத்துக்காக. தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

என் வீட்டுக்காரர் காலத்திலிருந்து எங்களிடம் இருக்கும் டிரைவர் வண்டியை எடுத்தார். அவர் அதிகம் பேசமாட்டார். நான் பேசுவது இரண்டு பேருக்கும் போதும். விக்கிரவாண்டி டோல் தாண்டும்வரை வழி விட்டிருந்தது. கூட்டேரிப்பட்டில் மாட்டிக்கொண்டோம். ஊருக்குப் போகிற கார்களும் பஸ்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. ரோட்டோரத்தில் ஒருவர் வேகவைத்த மல்லாட்டைக் கடலையைப் பொட்டலம் கட்டி ஜன்னல் ஜன்னலாக நீட்டினார். எங்கள் வண்டியின் பக்கவாட்டில் ‘ஃப்ரீசர் பெட்டி’ என்று எழுதியிருப்பதைப் படித்ததும் கையை இழுத்துக்கொண்டு அடுத்த காருக்குப் போய்விட்டார். நான் டிரைவரைப் பார்த்தேன். அவர் சிரிக்கவும் இல்லை.

திண்டிவனம் கடைத்தெரு முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தெரு வாயில் முழுவதும் இரும்புத் தடுப்புகள். அதற்கு அந்தப்பக்கம் தலைகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. தடுப்பில் ஓர் இளம் போலீஸ்காரர் விசிலோடு நின்றிருந்தார். கூடவே ஒரு ஹோம்கார்டு.

நான் இறங்கிப் போய்க் கண்ணாடியில் இருந்த பாஸைக் காட்டினேன். அவர் கிட்டே வந்து பொறுமையாகப் படித்தார்.

“இது விழுப்புரம் டவுனுக்குக் குடுத்தது. இங்க செல்லாதும்மா.”

“ஒரே ஜில்லா தானே சார்?”

“ஜில்லா ஒண்ணுதான். இந்தத் தெருவுக்குத் தனி பாஸ். ஆம்புலன்ஸ்னா சொல்லுங்க, இப்பவே தெறக்கறேன்.”

“ஆம்புலன்ஸ் உயிரோட இருக்கறவங்களுக்கு சார். இது செத்தவங்களுக்கு. உள்ள ஒரு அம்மா மத்தியானத்துலேருந்து கெடக்கறாங்க.”

அவர் முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் தடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. “நேத்து ஒருத்தன் இப்படித்தான் வந்தான். உள்ள டெட்பாடி இருக்குது, எடுக்கணும்னு அழுதான். பாவம்னு விட்டேன். பாத்தா வண்டி நெறைய பட்டாசுப் பெட்டி ஏத்திக்கினு போயிருக்கான். எனக்கு மெமோ குடுத்துட்டாங்க. இன்னொரு தபா ஆச்சுன்னா நான் எங்க போவேன்னு தெரியாது.”

“நீங்களே தார்ப்பாயைத் தூக்கிப் பாருங்க சார். பட்டாசா இருக்குது?”

பார்த்தார். கண்ணாடி மூடியைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனார். “பெட்டி சரி. ஆனா உள்ள சாவு இருக்குதுன்னு வீட்டுக்காரங்க சொல்லணும். சொன்னா நான் வாக்கிடாக்கியில எஸ்.ஐ.கிட்ட கேட்டு விட்டுடறேன். அந்த நம்பரைப் போடுங்க.”

எனக்கு வந்த நம்பரைப் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டேன். எடுக்கவில்லை. பின்னால் நின்ற ஆட்டோக்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். என் கழுத்தில் வேர்வை ஊற்றியது.

“எந்தக் கடை?” என்று போலீஸ்காரர் கேட்டார். நான் பெயரைச் சொன்னேன். அவர் தன் கைக்குக் கீழே பார்த்தார். தடுப்பின் மேலேயே அந்தக் கடையின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. போலீசுக்குத் தடுப்புகள் வாங்கிக்கொடுத்தது அந்தக் கடைதான். தீபாவளி வாழ்த்தும் போன் நம்பரும் பட்டுச்சேலைப் படமும் போட்டிருந்தார்கள். அவர் அந்த நம்பரைப் பார்த்துத் தன் போனில் போட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

ஓர் ஆண் எடுத்தார். பின்னால் கடையின் இரைச்சல். ‘அந்த மயில்கழுத்துக் கலரை இறக்குப்பா’ என்று யாரோ ஒரு பெண் சொல்வது கேட்டது.

“சார், தெருமுனை டூட்டியிலேருந்து பேசறேன். உங்க வீட்டுல சாவுன்னு சொல்லி ஃப்ரீசர் பெட்டி வந்து நிக்குது. உங்கம்மாவா? வண்டியை உள்ள விடலாமா?”

மயில்கழுத்துக் கலர் கேட்ட பெண் இப்போது பார்டர் பெரிதாக வேண்டும் என்றாள்.

“இல்லீங்க சார்” என்றார் அந்த ஆள். “அம்மா உள்ள நல்லாதான் இருக்காங்க. யாரோ தப்பா சொல்லியிருக்காங்க.”

போன் வைத்துவிட்டது. போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நேற்றைய பட்டாசு வண்டிக்காரனைப் பார்த்த பார்வை அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில், சாகாத ஆளுக்குப் பெட்டி கொண்டுபோய் நின்றதில்லை. யாராவது விளையாட்டுக்கு போன் பண்ணி அலைக்கழிக்கிறார்களா? அந்தப் பெண்ணின் குரல் விளையாட்டுக் குரல் இல்லை. டிரைவர் முதல் முறையாக வாயைத் திறந்தார். “வேற வீடா இருக்குமாக்கா?”

“வண்டியை ரிவர்ஸ் எடும்மா. பேஜாரு பண்ணாத” என்றார் போலீஸ்காரர்.

அப்போதுதான் என் போன் அடித்தது. அந்தப் பெண். மதியத்தைவிடக் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“அக்கா, போன் சைலண்ட்ல இருந்திச்சு. எங்க வந்துக்கினு இருக்கீங்க?”

“தெருமுனையில அவமானப்பட்டுக்கினு நிக்கறேன். உன் வீட்டுக்காரரு உங்க மாமியாரு நல்லா இருக்காங்கன்னு போலீசுகிட்ட சொல்றாரு. யாரு சொல்றது நெசம்?”

அவள் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. “கடையில கூட்டம்க்கா. சாவு ஆயிடுச்சுன்னு தெரிஞ்சா ஒருத்தரும் இங்க தீபாவளித் துணி எடுக்கமாட்டாங்க. எடுத்த துணியையும் திருப்பிக் குடுத்துடுவாங்க. கடை மூடறவரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாதுன்னுட்டாரு. நான் அழக்கூட இல்லக்கா. வாயில துணியை வெச்சிக்கினு ஒக்காந்திருக்கேன். அவங்க மொகம் ஒரு மாதிரி ஆவுதுக்கா.”

நான் போனைப் போலீஸ்காரரிடம் நீட்டினேன். “நீங்களே கேளுங்க சார்.”

அவர் காதில் வைத்துக்கொண்டார். என்ன கேட்டாரோ, அவள் என்ன சொன்னாளோ, எனக்குக் கேட்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாக்கியில் பேசினார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எனக்கும் கேட்டது. வீட்டு ஓனரே சாவு இல்லை என்று சொல்லிவிட்டால் இல்லைதான், வண்டியை விடாதே.

தீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதா? புதுத்துணி எடுக்கிற இடத்தில் சாவு என்றால் நானே அந்தக் கடைக்குப் போகமாட்டேன். வருஷம் முழுக்க ஈ ஓட்டிவிட்டு, இந்தப் பத்துப் பதினைந்து நாளில்தான் ஜவுளிக்கடைக்காரர்கள் தலைநிமிர்வார்கள். எல்லாம் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை, கூடியது. பெற்றவள் ஒரு கதவுக்குப் பின்னால் கிடக்க, முன்னால் நின்று பார்டர் காட்டுகிறவனை நேரில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

“வண்டி போவாது” என்றார் போலீஸ்காரர். கொஞ்சம் யோசித்துவிட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஆனா தடை வண்டிக்குத்தான். ஆளுங்க நடந்து போறதுக்கு இல்ல.”

பெட்டிக்குக் கீழே சின்னச் சக்கரங்கள் வைத்த ஸ்டாண்டு உண்டு. வீட்டுக்குள் நகர்த்துவதற்காக வைத்தது. அதை யாரும் தெருவில் ஓட்டியதில்லை. டிரைவர் என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன். ஹோம்கார்டும் ஒரு கை கொடுக்க, பெட்டியை இறக்கினோம். வண்டியில் எப்போதும் கிடக்கும் கல்யாணப் பந்தல் துணியை எடுத்து மேலே போர்த்தினேன். சிவப்பும் மஞ்சளும் ஜரிகையுமாக இருந்தது. மூடி மறைக்கிற வேலைக்கு நானும் துணை போகிறேனே என்று எனக்கு என் மேலேயே எரிச்சல். ஆனால் அந்தத் துணி இல்லாமல் பத்தடிகூடப் போகமுடியாது.

போலீஸ்காரர் தடுப்பை ஹோம்கார்டிடம் விட்டுவிட்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். “கூட்டத்தை ஒதுக்கறது என் டூட்டிதானே” என்று யாரும் கேட்காமலே சொன்னார். விசிலை ஊதிக்கொண்டே போனார்.

அந்தத் தெருவை நான் மறக்கமாட்டேன். இரண்டு பக்கமும் சீரியல் விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. எல்லாக் கடை வாசலிலும் மைக். பனியனைக் கட்டாகப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். பஜ்ஜி வாசனை. ஜனங்கள் தெரு முழுவதையும் தங்களுடையதாக எடுத்துக்கொண்டு, சாவகாசமாகப் பேசிக்கொண்டு, நின்று நின்று நடந்தார்கள். வண்டி வராத தெருவில் யார் ஒதுங்கிப் போவார்கள்? விசில் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்து, ஏதோ கடைக்குப் புதுச் சாமான் போகிறது என்று நினைத்து வழிவிட்டார்கள்.

“ஐஸ்கிரீம் பெட்டியாக்கா?” என்று ஒரு ஜூஸ் கடைக்காரர் கேட்டார். டிரைவர் ஆமாம் என்று தலையாட்டினார். அவர் பொய் சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பாதித் தெருவில் சாக்கடை மூடியின் சந்தில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. தூக்கினால் மறுபக்கம் சாய்கிறது. கண்ணாடி மூடியில் ஒரு விரிசல் விழுந்தாலும் உள்ளே குளிர் நிற்காது. நாங்கள் திணறுவதைப் பார்த்து இரண்டு ஆண்கள் ஓடிவந்து கை வைத்தார்கள். சக்கரம் வெளியே வந்தது, அந்த வேகத்தில் ஒரு மூலையில் துணி விலகிவிட்டது. பக்கத்தில் ஒரு பெண், கையில் துணிப்பைகளோடு, பக்கத்தில் மகளோடு நின்றிருந்தாள். அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவள் ஒரு சத்தம் போட்டால் போதும். தெரு முழுக்கத் தெரிந்துவிடும், எங்களுக்கு முன்னால் செய்தி கடைக்குப் போய்ச்சேரும். போலீஸ்காரருக்கு இன்னொரு மெமோ. அந்தக் கடைக்காரன் வாசலிலேயே நின்று, நான் கூப்பிடவில்லை, திருப்பிக் கொண்டுபோ என்பான். உள்ளே அந்த முகம் கெட்டுக்கொண்டே இருக்கும்.

அவள் பைகளைக் கீழே வைத்தாள். விலகிய துணியை இழுத்து மூடிவிட்டு, மகளைத் தன் பின்னால் தள்ளி வழிவிட்டாள். அவள் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடைக்குப் பக்கத்தில் ஒரு சந்து. அதன் வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். சந்தில் திரும்பும்போது கடைக்குள் பார்த்தேன். போனில் இல்லையென்று சொன்ன மகன் கல்லாவுக்கு எதிரே நின்று ஒரு சேலையை விரித்துப் பிடித்திருந்தான். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். போலீஸ்காரரைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். உடனே சேலைக்குக் குனிந்துகொண்டான்.

வீட்டுக்குள் நடுக்கூடத்தில் அந்த அம்மாவைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். வாய் திறக்காமல் நாடிக்கட்டு கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தாள் மருமகள். எல்லாம் தனியாகவே செய்திருக்கிறாள். வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்த ஐஸைத் துணியில் கட்டிக் கழுத்தைச் சுற்றி வைத்திருந்தாள். எல்லாம் உருகிப் பாய் நனைந்திருந்தது. டேபிள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கூடத்துக்கும் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. அதற்கு அந்தப்பக்கம் சிரிப்பு கேட்டது.

முகத்தைத் தொட்டுப் பார்த்தேன். கன்னம் லேசாக உப்பத் தொடங்கியிருந்தது. இன்னும் நேரம் இருந்தது, ஆனால் அதிகமில்லை. நாலு பேருமாகத் தூக்கிப் பெட்டியில் வைத்தோம். போலீஸ்காரர் கால்மாட்டைப் பிடித்தார். கண்ணாடியை மூடி, பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டேன்.

பட்டென்று வீடும் கடையும் இருண்டன. கதவுக்கு அந்தப்பக்கம் ஓவென்று கூச்சல். யாரோ போய் மெயினைத் தூக்கிவிட, விளக்கு வந்தது. மறுபடி போட்டேன். மறுபடி இருண்டது.

டிரைவர் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு, போர்டைத் திறந்து பார்த்து மெயினைத் தூக்கிவிட்டார். “லோடு தாங்கலக்கா. வீட்டுக்கும் கடைக்கும் ஒரே லைன். கடையில ஏசி ஓடுது, வாசல்ல சீரியல் செட்டு வேற. அதுங்களை நிறுத்தினாதான் பெட்டி ஓடும்.”

“அவர்கிட்ட நான் போய்ச் சொல்லமுடியாதுக்கா” என்றாள் மருமகள்.

“நீ எதுக்கும்மா சொல்ற? நான் சொல்றேன்” என்று கதவைத் திறந்துகொண்டு கடைக்குள் போனேன்.

கடைக்குள் நிற்க இடமில்லை. குழந்தைகள் துணிக்குவியலின் மேல் உட்கார்ந்திருந்தன. மகன் என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனான். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவன் காதோரம் நின்றேன். கத்தவேண்டும் என்றுதான் போனேன். ஆனால் அவன் சேலையின் பின்பக்கத்தை வெளியே காட்டி விரித்துப் பிடித்திருந்தான். அதைப் பார்த்ததும் குரல் தானாக இறங்கிவிட்டது.

“தம்பி, ஏசியையும் லைட்டையும் நிறுத்து. அப்பத்தான் உள்ள பெட்டி ஓடும்.”

அவன் வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, உதட்டை அசைக்காமல் சொன்னான்: “ஒரு மணி நேரம்க்கா. கூட்டம் கொறைஞ்சிடும்.”

“உங்கம்மா மொகம் ஒரு மணி நேரம் தாங்காது.”

போனில் குரல் கேட்ட அந்த மயில்கழுத்துச் சேலைக்காரப் பெண் இன்னும் அங்கேயே இருந்தாள். “இன்னாங்க, இதுக்குக் கடைசி வெலை சொல்லுங்க” என்று அவன் கையைத் தட்டினாள். அவன் அவளைப் பார்த்தான். சேலையைப் பார்த்தான். பிறகு அதை மடிக்க ஆரம்பித்தான். மடிப்புக் கலையாமல், ஓரத்தோடு ஓரம் சேர்த்து, மெதுவாக மடித்தான். எனக்கு அவனை அறைந்துவிடலாமா என்று இருந்தது. மடித்து முடித்து அலமாரியில் வைத்தான். நேராகச் சுவரில் இருந்த போர்டுக்குப் போனான். ஏசியை நிறுத்தினான். வாசல் சீரியல் செட்டை அணைத்தான். பிறகு கடைக்குள் இருந்த விளக்குகளை வரிசையாக அணைத்துக்கொண்டே வந்தான்.

“இன்னாய்யா, கரண்ட் கட்டா?” என்று யாரோ கேட்டார்கள்.

“இல்லீங்க. எங்கம்மா செத்துட்டாங்க” என்றான். தெருவிலிருந்து வந்த வெளிச்சத்தில் அவன் நிற்பது மட்டும் தெரிந்தது. “மத்தியானமே செத்துட்டாங்க. உள்ள கெடக்கறாங்க. நான் சொல்லல. எல்லாரும் மன்னிச்சிக்குங்க. துணியெல்லாம் வெச்சிட்டுப் போங்க.”

உள்ளே டிரைவர் சுவிட்சைப் போட, பெட்டி உறுமி ஓட ஆரம்பிக்கும் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து மருமகள் அழுதாள். மதியத்திலிருந்து வாய்க்குள் வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து அழுதாள். அந்த ஒப்பாரி கதவைத் தாண்டி, கடையைத் தாண்டித் தெருவுக்குப் போனது.

மருமகள் போனில் சொன்னது சரிதான். சேலைகளைக் கையில் வைத்திருந்தவர்கள் சுட்டுக்கொண்டதுபோல் கீழே போட்டார்கள். ஒரு குடும்பம் பில் போட்டு வாங்கிய பையையே கல்லாவின் மேல் வைத்துவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடியது. யாரோ திட்டினார்கள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். ஆனால் எல்லாரும் போய்விடவில்லை. மயில்கழுத்துச் சேலைக்காரப் பெண் வாசலில் போய்ச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். “எங்க, உள்ளயா?” என்று கேட்டுக்கொண்டே கதவைத் தாண்டிப் போனாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பெண்கள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே பல குரல்கள் சேர்ந்து அழுதன.

போலீஸ்காரர் வாசலில் நின்று தொப்பியைப் போட்டுக்கொண்டார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் மைக்கை நிறுத்துவதா வேண்டாமா என்று அவரைப் பார்த்தார்கள். அவர் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தடுப்பை நோக்கி நடந்தார். ஒவ்வொரு மைக்காக நின்றது.

மறுநாள் காலையில் பெட்டி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க மறுபடி திண்டிவனம் போனேன். காலையில் தடை இல்லை. தடுப்புகளை ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். வண்டி கடை வாசல்வரை தாராளமாகப் போனது.

மகள் வந்திருந்தாள். கண்ணாடியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே அம்மாவின் முகம் தூங்குகிற முகமாகவே இருந்தது. நான் குளிரைப் பார்த்துவிட்டு, வயரைச் சரிசெய்துவிட்டு எழுந்தேன். மகன் பெட்டியின் கால்மாட்டில், கலைந்த தலையோடு உட்கார்ந்திருந்தான். ராத்திரியெல்லாம் அவனுக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த வசவுகள் நிறைய. ஒரு வார்த்தையாவது கேட்டுவிட்டுத்தான் போவது என்று அவனுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

அவன் என்னைப் பார்க்காமலே பேசினான்.

“அக்கா, நேத்து போன்ல அந்தப் போலீஸ்காரர் கேட்டாரு இல்ல, உங்கம்மாவான்னு? நல்லாதான் இருக்காங்கன்னு சொன்னேன். அப்படிச் சொன்னப்போ ஒரு நிமிஷம் எனக்கே அது நெசமாட்டம் இருந்திச்சுக்கா. கதவைத் தொறந்தா அம்மா சாப்பிட்டுக்கினு இருப்பாங்கன்னு இருந்திச்சு. அதனாலதான் நீங்க உள்ள வர்றவரைக்கும் நான் கதவையே தொறக்கல.”

அவன் முதுகில் கையை வைத்தேன். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. சொல்லாமல் எழுந்து வண்டிக்கு வந்துவிட்டேன்.